புஷ்பக் இன்ஜின்ல 90-ஐ 100 ஆக்கலாமா? குன்னூர் ஷெட்டுல நிக்கிற சி90

கேள்வி, அக்டோபர் 6

குன்னூர்லேருந்து எழுதறேன் சார். எங்க மாமா கோயமுத்தூர்ல புஷ்பக்குன்னு ரெண்டு பேர் ஏறற ஒரு பழைய குட்டி விமானத்தை மெதுவா சரிபண்ணிக்கிட்டு இருக்கார். பாடி வேலை அங்க, இன்ஜின் மட்டும் எங்க ஷெட்டுல ஸ்டாண்டு அடிச்சு மாட்டியிருக்கோம். கான்டினென்டல் கம்பெனியோட 90 எச்பி இன்ஜின், சி90-8எஃப். மவுண்ட், எக்ஸாஸ்ட், ஏர்பாக்ஸ், புரொப்பல்லர் எல்லாம் அதே விமானத்துல இருந்ததுதான். ஃபுல் த்ராட்டில் கொடுத்தா 2080 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) தான் வருது. லாக்புக்ல கடைசியா கோயமுத்தூர்ல நின்னபடி ஓட்டினப்ப 2250-ன்னு எழுதியிருக்காங்க. எப்படியும் திறக்கப்போறோம், அதனால இதே கம்பெனியோட 100 எச்பி இன்ஜின் ஓ-200-ல வர்ற கேமும் (வால்வைத் திறந்து மூடற தண்டு) ஹை கம்ப்ரெஷன் பிஸ்டனும் போட்டா 100, 110 எச்பி எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

அக்டோபர் 6, ராத்திரி

தம்பி, எந்த சாமானுக்கும் இப்ப ஆர்டர் போட்டுடாதீங்க. 2080 வர்ற இன்ஜினுக்கு கேம் மாத்தற பேச்சே இப்ப வேண்டாம். முதல்ல அந்த 2080 நிஜமான்னு பாக்கணும், அப்புறம் அது ஏன் 2250 இல்லைன்னு பாக்கணும். நாளைக்கு விரிவா எழுதறேன், இங்க கோத்தகிரில இப்ப கரண்ட் போய் போய் வருது.

அக்டோபர் 7

சரி, இப்ப அந்த 100 எச்பி கதையைப் பாப்போம். சி90-க்கு 90 எச்பி, 2475 ஆர்பிஎம்-ல. ஓ-200-க்கு 100 எச்பி, 2750-ல. ரெண்டும் 201 கன அங்குலம், ரெண்டுக்கும் கம்ப்ரெஷன் 7-க்கு 1, போர் (சிலிண்டர் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) ரெண்டும் ஒண்ணேதான். ஒரு காகிதம் எடுத்து 90-ஐ 2475-ஆல வகுங்க, அப்புறம் 100-ஐ 2750-ஆல வகுங்க. ரெண்டும் அச்சு அசலா ஒரே எண் வரும். அதாவது டார்க் (முறுக்கற பலம்) ரெண்டுலயும் ஒண்ணுதான், சுமார் 191 பவுண்டு-அடி. கூடுதல் 10 எச்பி எங்கிருந்து வந்துச்சுன்னா வேகமா சுத்தறதுலேருந்து மட்டும்தான் வந்துச்சு, கேம் டைமிங் மாத்தினது அந்த மேல் வேகத்துல மூச்சு முட்டாம இருக்கறதுக்காக.

இப்ப உங்க புரொப்பல்லர் ஃபிக்ஸட் பிட்ச், அதாவது இறக்கையோட சாய்வை (பிட்ச்) மாத்த முடியாது. அது நின்னபடி 2250 வரைக்கும்தான் விடும்னா, ஏறும்போது அதுக்கு மேல கொஞ்சம் போகும், அவ்வளவுதான். 2750-க்குன்னு செஞ்ச கேமை 2250-ல சுத்த விட்டா உங்களுக்கு என்ன லாபம்? கீழ் வேகத்துல இருக்கற இழுவைதான் கொஞ்சம் குறையும். 100 எச்பி நிஜமாவே வேணும்னா பிட்ச் குறைஞ்ச புரொப்பல்லர் போட்டு வேகமா சுத்த விடணும், அப்படி விட்டா நேரா பறக்கற க்ரூஸ்ல ஸ்பீடு போகும், சத்தம் ஏறும், இன்ஜின் சூடும் ஏறும். பெரிய புரொப்பல்லரை நிதானமா சுத்தி, குட்டையான ஓடுபாதையிலேருந்து தூக்கறதுக்கு சி90-ஐத்தான் பிடிக்கும்னு சொல்ற ஆளுங்க இன்னைக்கும் நிறைய. நானும் அந்தக் கட்சிதான், கொஞ்சம் பிடிவாதமாவே.

அக்டோபர் 7, சாயங்காலம்

மதியம் எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. சி90-க்கே டேக்-ஆஃப் நேரத்துக்கு மட்டும் 2625-ல 95 எச்பி கொடுத்திருக்காங்க. அதனால நீங்க தேடற பத்துல அஞ்சு ஏற்கெனவே உங்க ஷெட்டுல இருக்கு, புரொப்பல்லர் அதுக்கு விடறதில்ல, அவ்வளவுதான்.

அக்டோபர் 9

கொடைக்கானல் நண்பர் ஒருத்தர் "குன்னூர் ஆறாயிரம் அடி, காத்து லேசு, அதான் ஆர்பிஎம் வரல, கோயமுத்தூருக்கு இறக்கிட்டா தானா 2250 வந்துடும்"னு எழுதியிருக்கார். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதிதான் சரி. இந்தப் பாதியிலதான் முக்கால்வாசிப் பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பவர் குறையறது உண்மை. குன்னூர் சுமார் 1850 மீட்டர், பதினெட்டு டிகிரி வெயில்ல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்கறதுல எம்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கும். சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின் அதைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலா இழக்கும், ஏன்னா உள்ள இருக்கற உராய்வு மலைக்கு ஏறினாலும் குறையாது. 90-ல இருபதுக்கு மேல போயிடும்னு வச்சுக்குங்க. ஊட்டின்னா இன்னும் மோசம்.

ஆனா புரொப்பல்லரும் அதே லேசான காத்தைத்தானே அடிக்குது! அதோட சுமையும் அதே அளவுக்கு இறங்கிடும். ரெண்டும் சேந்து இறங்கறதால ஆர்பிஎம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். புரொப்பல்லர் இழுக்கற பவர் ஆர்பிஎம்-ஐ மூணு தடவை பெருக்கற கணக்குல ஏறி இறங்கும், அதனால இன்ஜின் கூடுதலா இழக்கற அந்த மூணு நாலு சதவீதம் ஆர்பிஎம்-ல ஒரு சதவீதமாத்தான் தெரியும். 2250-ல சுமார் இருபது முப்பது, அவ்வளவுதான். அப்ப குன்னூர்ல உங்களுக்கு 2220-ஆவது வரணும். வர்றது 2080. அதே மூணு தடவை பெருக்கற கணக்குல திருப்பிப் பாத்தா, இந்த உயரத்துல அது கொடுக்க வேண்டியதுல அஞ்சுல ஒரு பங்கை எங்கேயோ விட்டுக்கிட்டு இருக்கு. மலைக்காத்து மேல பழி போட்டுக் கீழ இறக்கி மாட்டினா, அதே குறையோட விமானம் கிளம்பும்.

இதுல பயப்பட வேண்டியது என்னன்னா மலையில டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டற மீட்டர்) சரியாவே காட்டும், ஆனா இழுவை போயிருக்கும். முள்ளை நம்பி ஓட்டறவங்களுக்கு இது தெரியாது. கோயமுத்தூர் நானூறு மீட்டர்தான்னு நினைக்கறோம், சித்திரை மத்தியானம் 35 டிகிரில அங்க காத்து நாலாயிரம் அடில இருக்கற மாதிரி.

அக்டோபர் 10

ஊட்டி மெக்கானிக் அண்ணன் எழுதினது அருமை. கீழேருந்து வர்ற பழைய புல்லட் எல்லாம் மேல வந்ததும் கறுப்புப் புகை விடும், மெயின் ஜெட்டை (பெட்ரோல் வர்ற குட்டி ஓட்டை) ஒரு சைஸ் குறைப்போம்னு சொல்றார். அதே சமாச்சாரம்தாங்க இங்கயும். காத்து லேசாகும்போது கார்புரேட்டர் அதே அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது, கலவை ரிச் ஆயிடும், அதாவது பெட்ரோல் அதிகமாயிடும். இந்த இன்ஜின்ல வர்ற ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்ல கலவையைக் கூட்டிக் குறைக்க மிக்ஸ்சர் கண்ட்ரோல்னு ஒண்ணு இருக்கும், ஆனா அது அவ்வளவா வேலை செய்யாதுன்னு நிறைய பேர் கம்பி போட்டு ஃபுல் ரிச்லயே கட்டி வச்சிருப்பாங்க. தம்பி, உங்களோடது கட்டியிருக்கான்னு பாருங்க. பிளக்கைக் கழட்டி மூக்கைப் பாருங்க, கரி மாதிரி மெத்துன்னு கறுப்பா இருந்தா விஷயம் புரிஞ்சுடும்.

ஜெட்டை மட்டும் மாத்திடாதீங்க. புல்லட் ஊட்டிலேயே ஓடும், உங்க இன்ஜின் கீழ போகப்போகுது. இங்கத்துக்கு ஏத்து ஜெட்டைக் குறைச்சா கோயமுத்தூர்ல ஃபுல் த்ராட்டில்ல லீன் ஆகி (பெட்ரோல் பத்தாம) ஹெட்டு வெந்துடும்.

அக்டோபர் 13

பிஸ்டன் கேள்விக்கு வர்றேன், ரெண்டு மூணு பேர் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க.

கம்ப்ரெஷனை 7-லேருந்து எட்டரைக்கு ஏத்தினா, புத்தகக் கணக்குல ஆறு சதவீதம் கூடும். 90-க்கு அஞ்சு எச்பி. அந்த அஞ்சுக்கு என்ன விலை கொடுக்கறோம்? ஹெட்டு சூடு, எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டு, டெட்டனேஷன் (கலவை சீரா எரியாம வெடிக்கறது) பயம். மலையில டெட்டனேஷன் பயம் குறைச்சல்னு ஒருத்தர் சொன்னது சரிதான், சிலிண்டருக்குள்ள போற காத்தே கம்மி. ஆனா இந்த விமானம் மலையில டேக்-ஆஃப் பண்ணப்போறதில்லையே, நீலகிரில ஓடுபாதையே கிடையாது. கீழ வெயில்லதான் ஃபுல் த்ராட்டில் வாங்கும்.

பழைய ஆளுங்க பவரை எப்படி ஏத்தினாங்கன்னு பாருங்க. டைகர் மாத்ங்கற பழைய பயிற்சி விமானத்துல இருந்த ஜிப்ஸி மேஜர் இன்ஜின் எங்கிருந்து வந்துச்சு? 1920-கள் கடைசில டி ஹாவிலண்ட் ஜிப்ஸி 5.2 லிட்டர், 100 எச்பி பக்கம். அடுத்ததுல ஸ்ட்ரோக்கை நீட்டினாங்க, 5.7 லிட்டர், 120. அப்புறம் போரைப் பெருக்கினாங்க, 6.1 லிட்டர், 130. கான்டினென்டலும் அதே வழிதான்: ஏ65 171 கன அங்குலம், சி85 188, சி90 201. அந்த ஏ65-ஐ அளவு மாத்தாமலேயே 75 எச்பியும் ஆக்கினாங்க, 80-ம் ஆக்கினாங்க. 75-க்கு 2300-லேருந்து 2600-க்கு வேகத்தை ஏத்தினாங்க, கனெக்டிங் ராடுல ஆயில் பீச்சறதுக்கு ஓட்டை போட்டாங்க. 80-க்கு 2700 ஆர்பிஎம், கம்ப்ரெஷனும் ஏழரைக்கு மேல போச்சு. அப்படியும் ஊருல அதிகமா நிலைச்சது 65-ம் 85-ம்தான்.

புஷ்பக்கே இதுக்கு சாட்சி. அது ஏரோன்கா சீஃப்ங்கற அமெரிக்க விமானத்தோட வழி வந்தது. சீஃப்ல 65 எச்பி, சூப்பர் சீஃப்ல 85. பெங்களூர் ஹெச்ஏஎல்-காரங்க 1958-ல புஷ்பக்கைப் பறக்க விட்டப்போ சின்ன இன்ஜினை முறுக்கிப் பிழியல, நேரா 90 எச்பி இன்ஜினை வச்சாங்க. நம்ம வெயிலுக்கு அதுதான் சரியான முடிவு.

ஓ-200-லேருந்து இன்னும் எவ்வளவோ எடுக்கறாங்களேன்னா, எடுக்கறாங்க, அமெரிக்கால ஃபார்முலா ஒன் விமான ரேஸ்ல அதே இன்ஜினை 4000 ஆர்பிஎம் சுத்த விடறாங்க. குட்டி புரொப்பல்லர், குட்டி விமானம், ரேஸ் சில நிமிஷத்துல முடிஞ்சுடும். மாமாவைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டற விமானத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

அக்டோபர் 13, ராத்திரி

ஆமா, சி85-ல ஓ-200 கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு), ராடு, பிஸ்டன் போடறதுக்கு அமெரிக்கால அனுமதிச் சான்று இருக்கு, அதைக் கேட்டவருக்கு பதில். நல்ல வேலை அது, ஏன்னா அங்க ஸ்ட்ரோக் நீளுது, டார்க் நிஜமாவே கூடுது. உங்க சி90-க்கு அதுல கிடைக்க ஒண்ணுமில்ல, அந்த ஸ்ட்ரோக் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு.

அக்டோபர் 18

நேத்து குன்னூர் போயிருந்தேன். நல்ல மூட்டம், சிம்ஸ் பார்க் பக்கம் எதிர்ல வர்ற பஸ் லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. தம்பியோட அப்பா டீ கொடுத்தார், ஸ்டாண்டு நல்லாவே அடிச்சிருக்காங்க, காங்கிரீட்ல நாலு போல்ட்டும் இறுக்கமா இருக்கு.

முதல் வேலை டேக்கோமீட்டர். லைட் பாத்து எண்ணற கையடக்க டேக்கோவை வச்சுப் பாத்தோம், டியூப்லைட்டை அணைச்சுட்டு, வாசல் வெளிச்சத்துக்கு எதிர்ல. டியூப்லைட் எரிஞ்சா அதோட துடிப்பையும் சேத்து எண்ணிடும். முள் 2080 காட்டறப்போ நிஜம் 2120. நாப்பது அங்கேயே திரும்பி வந்துடுச்சு.

அப்புறம் ஒரு விஷயம் நடந்துச்சு, அதை அப்படியே சொல்றேன். 1600-ல சூடாக விட்டுட்டு ஆயில் டெம்பரேச்சரைப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். யாரும் த்ராட்டிலைத் தொடல. முள் மெதுவா இறங்குது, 1550, 1500. தம்பி த்ராட்டிலை ஏத்தப் போனார், நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். கார்புரேட்டரைக் குனிஞ்சு பாத்தா மேல் பாகம் பூரா பனித்துளி, த்ராட்டில் இருக்கற கழுத்துல மட்டும் வெள்ளையா உறைஞ்சிருக்கு, நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. வெளியில பதினாறு டிகிரி! பெட்ரோல் ஆவியாகறப்போ காத்து அவ்வளவு குளிரும், ஈரக்காத்துன்னா உள்ள ஐஸ் கட்டி வழியை அடைச்சுடும். கார்புரேட்டருக்குச் சூடான காத்து விடற கார்ப் ஹீட்டை முழுசா இழுத்தோம். இன்னும் கொஞ்சம் இறங்குச்சு, ரெண்டு மூணு தடவை இருமுச்சு, உருகின தண்ணியை முழுங்குச்சு, அப்புறம் ஏறி 1600-க்கு மேலயே போய் நின்னுச்சு. இந்த சின்ன கான்டினென்டல்களுக்கு இது பிறவிக் குணம். ஐப்பசி மாசக் குன்னூர் இதுக்குன்னே செஞ்ச ஊர். இதை இன்ஜின் பலவீனம்னு நினைச்சுத்தான் பாதி பேர் கேம் மாத்தக் கிளம்பறாங்க.

ஐஸ் போனதும் இன்னொரு சோதனை. ஃபுல் த்ராட்டில்ல கார்ப் ஹீட்டை இழுத்தா ஆர்பிஎம் நல்லா இறங்கணும், சூடான காத்து லேசு இல்லையா. இங்க இறங்கினது பத்து பதினஞ்சுதான். அப்படின்னா ஹீட் ஆஃப்ல இருக்கறப்பவே சூடான காத்து கசிஞ்சு வந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். காத்து உள்ள வர்ற ஏர்பாக்ஸைத் திறந்தா, சூடான காத்தை அடைக்கற ஃப்ளாப்போட அச்சு தேஞ்சு ஒரு ஓரத்துல விரல் நுழையற இடைவெளி. அதே மாதிரி மிக்ஸ்சரும் கம்பியால கட்டித்தான் இருந்துச்சு.

அக்டோபர் 18, தொடர்ச்சி

கம்ப்ரெஷன் பாத்ததை எழுத மறந்தேபோச்சேன்னு தம்பி போன்ல சொல்றார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பவுண்டு காத்தழுத்தம் கொடுத்து எவ்வளவு நிக்குதுன்னு பாத்தோம், மூணு சிலிண்டர் எழுபதுக்கு மேல, மூணாம் நம்பர் மட்டும் 54. எக்ஸாஸ்ட் குழாய்ல காதை வச்சா உஸ்ஸுன்னு கேக்குது, ஆயில் ஊத்தற வாய்ல சத்தமில்ல. ரிங் நல்லாருக்கு, எக்ஸாஸ்ட் வால்வ் உக்காரல. கவனம், கான்டினென்டல்ல நம்பர் பின்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கும், மூணாம் நம்பர் வலது முன்பக்கம். லைகமிங் (இன்னொரு கம்பெனி இன்ஜின்) பழக்கத்துல வலது பின்பக்க சிலிண்டரைக் கழட்டிட்டு முழிச்சவங்களை நான் பாத்திருக்கேன்.

இதுக்காக ஆர்பிஎம் குறைஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். இந்த அளவு கசிவு 2000 ஆர்பிஎம்-ல பவரைப் பெரிசா தின்னாது, நேரமே கிடைக்காது. ஆனா அந்த வால்வ் ஓரம் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, பறக்கறப்போ துண்டு உடைஞ்சா அதுதான் ஆபத்து. சரிபண்ணித்தான் ஆகணும்.

பிளக்குக்கு மின்பொறி கொடுக்கற மேக்னெட்டோ ரெண்டுல, வலதுல மட்டும் ஓட்டினா இடதைவிட ரொம்பவே கூடுதலா இறங்குது. டைமிங் தள்ளிப்போயிருக்கு, பாயிண்ட் தேஞ்சா அப்படித்தான் ஆகும். அதையும் லிஸ்ட்டுல சேத்தாச்சு.

அக்டோபர் 19

பங்க் பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருக்காங்கன்னு முந்தாநாள் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. இன்னைக்கு பங்க்ல வர்றதுல இருபது சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர்ல இருக்கற ரப்பர், சீல், டேங்க்ல பூசின பசை எல்லாத்தையும் அது ஊற வைக்கும். மூட்டத்துல ஈரத்தையும் உறிஞ்சும். இந்த இன்ஜினுக்கு ஏவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) தான். இந்தியன் ஆயில்காரங்க 2022-லேருந்து குஜராத் ரிஃபைனரிலேயே ஏவ்கேஸ் 100 எல்எல் செய்யறாங்க, அதுக்கு முன்னாடி எல்லாமே இறக்குமதி. மாமா விமானத்துக்கு வாங்கறப்போ ஒரு கேன் மேல அனுப்பச் சொல்லுங்க.

ஏவ்கேஸ்லயும் ஒரு சங்கடம் இருக்கு. சி90-ஐ 80 ஆக்டேன் எரிபொருளுக்குச் செஞ்சாங்க, 100 எல்எல்-ல அதைவிட ஈயம் நாலு மடங்கு வரைக்கும் இருக்கும். ரொம்ப நேரம் ஐடில்ல போட்டு வச்சா பிளக்குல சாம்பல் நிறத்துல குட்டிக் குட்டி உருண்டையா ஒட்டிக்கும். ஆயிரம் ஆர்பிஎம்-க்கு மேலயே வச்சு சூடாக்குங்க.

அக்டோபர் 20

பாதுகாப்பு பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா 8எஃப்-க்கு ஸ்டார்ட்டர் கிடையாது, கையாலதான் சுத்தணும். தம்பி சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு நம்பி புரொப்பல்லரைப் பிடிச்சுத் தள்றார். மேக்னெட்டோவுக்குப் பேட்டரி வேண்டாம். சுவிட்சுலேருந்து அதுக்குப் போற பி-லீடு ஒயர் அறுந்திருந்தா சுவிட்ச் எங்க இருந்தாலும் அது உயிரோடதான் இருக்கும். நிறுத்தறதுக்கு முன்னாடி ஐடில்ல ஒரு கணம் சுவிட்சை ஆஃப் பண்ணி, இன்ஜின் சாகப் பாக்குதான்னு தினமும் பாருங்க. ஸ்டார்ட் பண்றப்போ மேக்னெட்டோவைத் தாமதமாப் பொறி விட வைக்கற இம்பல்ஸ் கப்ளிங் "டக்"குன்னு அடிக்கற சத்தம் கேக்கலைன்னா சுத்தாதீங்க, திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிடும். ஷெட்டுல குழந்தைங்களை விடவே கூடாது, அப்பாகிட்ட நேர்லயே சொல்லிட்டு வந்தேன்.

நவம்பர் 2

மழையில கல்லாறுக்கு மேல மண்ணு சரிஞ்சு மலை ரயில் நின்னிருக்கு, அதனால சிலிண்டர் கீழ போய் வர நாளாச்சு, தம்பி மேல தப்பில்ல. மூணாம் நம்பர் வால்வும் கைடும் புதுசு, சீட்டு அரைச்சாச்சு. ஃப்ளாப் அச்சுக்கு புஷ் போட்டாச்சு. மேக்னெட்டோ பாயிண்ட் மாத்தி மேனுவல்ல இருக்கற டிகிரிக்கு வச்சாச்சு. மிக்ஸ்சர் கம்பியை அவிழ்த்து, சரியா கண்ட்ரோல் கேபிள் இழுத்தாச்சு.

இன்னைக்குக் காலைல மழை விட்டதும் ஓட்டினாங்களாம். நிஜ டேக்கோல 2190, மிக்ஸ்சரைக் கொஞ்சம் இழுத்ததும் 2215. எனக்கு இங்க உக்காந்து கேக்கறப்பவே சந்தோஷம் தாங்கல. ஒரு கேமும் வாங்கல, ஒரு பிஸ்டனும் வாங்கல, காணாமப்போன பவர் பூரா வீட்டுக்கு வந்துடுச்சு.

நவம்பர் 3

"அப்ப இனிமே 100 எச்பி வேண்டவே வேண்டாமா?"ன்னு தம்பி கேக்கறார். ஆசை நியாயம்தான். நானா இருந்தா இந்த வரிசைல போவேன். முதல்ல மாமாவை விமானத்தை எடை போடச் சொல்லுங்க, பழைய பெயின்ட்டு மேல பெயின்ட்டு, தேவையில்லாத பிராக்கெட்டு, ஊறின மரம்னு எவ்வளவோ சேந்திருக்கும். ரெண்டு பேர் ஏறற சின்ன விமானத்துல இருபது கிலோ குறைஞ்சா ஏறும்போது கைக்கே தெரியும். அடுத்தது புரொப்பல்லர், ஓரம் அரிச்சிருந்தா, பிட்ச் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லாட்டி, அதைச் சரிபண்ணினா கிடைக்கறது எந்த பிஸ்டன்லயும் கிடைக்காது. ஏறறது போதலைன்னா அந்த இன்ஜினுக்கும் விமானத்துக்கும் அனுமதிச்ச பட்டியல்லேயே பிட்ச் குறைஞ்ச புரொப்பல்லர் இருக்கான்னு பாக்கலாம். அதுக்கும் மேல போறதுன்னா விமானத் துறையைக் கண்காணிக்கற டிஜிசிஏ ஏத்துக்கற அனுமதிக் காகிதம் இல்லாம ஒரு போல்ட்டைக்கூட மாத்த முடியாது, எந்த ஏஎம்இ-யும் (லைசென்ஸ் வச்சிருக்கற விமான மெக்கானிக்) கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.

நவம்பர் 3, பின்னால

இன்னொண்ணு. கிராங்க்கை இன்னும் யாரும் பாக்கல. லாக்புக்ல எப்பவோ புரொப்பல்லர் தரையில தட்டினதுன்னு ஒரு வரி இருக்கு, போன தடவை போனப்ப கண்ல பட்டுச்சு. அது எழுதியிருக்கற பக்கத்துக்கு அப்புறம் கிராங்க்குல விரிசல் இருக்கான்னு காந்தச் சோதனை பண்ணினதா எங்கயாவது எழுதியிருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா விமானத்துல மாட்டறதுக்கு முன்னாடி இன்ஜின் கேஸைப் பிரிச்சு கிராங்க்கை அனுப்பித்தான் ஆகணும், 2215 வந்தாலும் சரி. புரொப்பல்லர் மாட்டற ஃப்ளேஞ்சுல டயல் கேஜ் வச்சு ஓட்டம் எவ்வளவுன்னு, அதாவது சுத்தறப்போ எவ்வளவு ஆடுதுன்னு, இந்த வாரமே பாத்து எனக்கு எண்ணை அனுப்புங்க, அதை வச்சு அடுத்தது என்னன்னு பேசுவோம்.

நவம்பர் 5

எண் வந்துச்சு, ஓட்டம் லிமிட்டுக்குள்ள. ஆனா காந்தச் சோதனைக் குறிப்பு லாக்புக்ல எங்கயும் இல்லையாம். அப்ப பிரிக்கறதுதான். மாமாகிட்ட நானே பேசறேன், ஞாயித்துக்கிழமை வர்றேன். கேஸ் போல்ட்டு எதையும் அதுவரைக்கும் தொட வேண்டாம், கார்புரேட்டர்ல இருக்கற பங்க் பெட்ரோலை மட்டும் இன்னைக்கே வடிச்சு வச்சுடுங்க.